பட்டத்தின் பெயரும் பாடப்பிரிவின் எண்ணும்: உயர்கல்வி வகைப்பாட்டுக் குறியீடுகள் குறித்த திறனாய்வு

உயர்கல்வி வகைப்பாட்டுக் குறியீடு என்பது, ஒரு கல்லூரிப் படிப்பு எந்த அறிவுத்துறையைச் சேர்ந்தது என்பதைச் சுருக்கமாகக் காட்ட அதற்கு இடப்படும் எண் அல்லது எழுத்துத் தொகுதி ஆகும். மாணவர் எண்ணிக்கையைக் கணக்கிடுவது, நாடுகளை ஒப்பிடுவது, கலந்தாய்வில் இடம் ஒதுக்குவது, வேலைக்கான கல்வித்தகுதியைச் சரிபார்ப்பது எனப் பல வேலைகளுக்கு இக்குறியீடுகள் பயன்படுகின்றன. தமிழ்நாட்டில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. கலந்தாய்வுக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று, மத்திய அரசின் கணக்கெடுப்புக்கு ஒன்று, தொழில் வகைப்பாட்டுக்கு ஒன்று என ஒரே மாணவருக்குப் பல குறியீடுகள் உள்ளன. இவை ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. அந்த இணைப்பைச் செய்து காட்டும் பொறுப்பு, படித்து முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரியின் தலையில் விழுகிறது என்பதே இம்முறையின் முதன்மையான குறை. திருவள்ளூர் மாவட்டத்தின் கல்லூரிகளையும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அக்குறையை ஆராய்கிறது.

குறியீடுகளின் தோற்றம்

பல நாடுகளின் கல்வியை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பன்னாட்டு வகைப்பாடு பிறந்தது. யுனெசுக்கோ நிறுவனம் 1970களில் பன்னாட்டுத் தரக் கல்வி வகைப்பாட்டை உருவாக்கியது. அது 1997-லும் 2011-லும் திருத்தப்பட்டது. கல்வித் துறைகளுக்கான பகுதி மட்டும் தனியாகப் பிரிக்கப்பட்டு 2013-ல் வெளியானது. இதில் ஒவ்வொரு துறையும் நான்கு இலக்கங்களால் குறிக்கப்படுகிறது. முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பிரிவைக் காட்டுகின்றன: 05 இயற்கை அறிவியலும் கணிதமும், 06 தகவல் தொடர்புத் தொழில்நுட்பம், 07 பொறியியலும் உற்பத்தியும் கட்டுமானமும், 08 வேளாண்மையும் மீன்வளமும், 09 மருத்துவமும் நலவாழ்வும். அடுத்த இலக்கங்கள் உட்பிரிவுகள். 0711 வேதிப் பொறியியல்; 0714 மின்னணுவியலும் தானியக்கமும்; 0715 இயந்திரவியலும் உலோகத் தொழிலும்; 0716 ஊர்திகள், கப்பல்கள், வானூர்திகள்; 0831 மீன்வளம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தேசியக் கல்விப் புள்ளியியல் மையம் 1980-ல் ஆறு இலக்க முறை ஒன்றைக் கொண்டுவந்தது. 1985, 1990, 2000, 2010, 2020 ஆகிய ஆண்டுகளில் அதன் திருத்திய பதிப்புகள் வந்தன. பன்னாட்டு முறையைவிட இது மிக நுணுக்கமானது. எடுத்துக்காட்டாக, தமிழ்மொழியும் இலக்கியமும் இதில் 16.0706 என்ற தனி எண்ணைப் பெற்றிருக்கின்றன. யுனெசுக்கோ முறையில் தமிழ் இலக்கியப் பட்டம் 0232 என்ற இலக்கியம், மொழியியல் ஆகியவற்றுக்கான பொதுக் கட்டத்திலேயே அடங்குகிறது. பிரித்தானியாவில் வழக்கிலிருந்த பழைய பாடக் குறியீட்டு முறை கைவிடப்பட்டு, 2019-20 கல்வியாண்டு முதல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் 2010-11 முதல் நடைபெறும் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் ஓர் அடையாளக் குறியீட்டை வழங்குகிறது. படிப்புகளைப் பெருந்துறை, துறை எனப் பிரித்துப் பதிவு செய்யும் பட்டியலும் அதில் உண்டு. தொழில்களுக்குத் தேசியத் தொழில் வகைப்பாடு 2015 உள்ளது. தொழிற்சாலைகளும் பிற நிறுவனங்களும் எந்த வகையான உற்பத்தியில் ஈடுபடுகின்றன என்பதைக் காட்டத் தேசியத் தொழிலக வகைப்பாடு 2008 உள்ளது. பட்டங்களின் பெயர்களைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956-ன் 22-ஆம் பிரிவு முக்கியமானது. அரசிதழில் குறிப்பிடப்பட்ட பட்டங்களை மட்டுமே பல்கலைக்கழகங்கள் வழங்கலாம் என அது வரையறுக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பி.எஸ்சி., பி.இ., பி.டெக். போன்ற பட்டப் பெயர்களைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, அடைப்புக்குறிக்குள் எழுதப்படும் பாடத்தின் பெயரைக் கட்டுப்படுத்துவதில்லை. சிக்கல்கள் பெரும்பாலும் அந்த அடைப்புக்குறிக்குள்தான் தொடங்குகின்றன.

ஒரு மாணவர் சுமக்கும் எண்கள்

திருவள்ளூர் மாவட்டம் 1997-ல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. சென்னையிலிருந்து வடக்கே கூடூர் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டிப் பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்கள் வரிசையாக உள்ளன. பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரியும் மீன்வளக் கல்லூரியும் இயங்குகின்றன. கவரைப்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தனியார் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க்கண்டிகையிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் அமைந்துள்ளன. கல்லூரியும் தொழிற்சாலையும் சில நிறுத்தங்கள் இடைவெளியில் இருக்கும் இப்பகுதியில், இரண்டுக்கும் இடையே ஓடும் குறியீடுகளின் தன்மையைத் தெளிவாகப் பார்க்க முடியும்.

இப்பகுதியில் இயந்திரப் பொறியியல் சேரும் ஒரு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் அவர் விருப்பப் பட்டியலை நிரப்பும்போது கல்லூரிக்கு ஓர் எண்ணையும், பாடப்பிரிவுக்கு 'எம்இ' என்ற ஈரெழுத்துக் குறியையும் தேர்ந்தெடுக்கிறார். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரி என்றால் அவருக்குப் பன்னிரண்டு இலக்கப் பதிவெண் கிடைக்கிறது. அதில் கல்லூரி எண், சேர்ந்த ஆண்டு ஆகியவற்றை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் பாடப்பிரிவைக் குறிப்பவை. இயந்திரப் பொறியியலுக்கு 114, கட்டடப் பொறியியலுக்கு 103, கணினி அறிவியலுக்கு 104, தகவல் தொழில்நுட்பத்துக்கு 205. யுனெசுக்கோ அட்டவணையில் அதே இயந்திரப் பொறியியல் 0715. அவர் மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்றால் 14.1901. ஊரிலேயே பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தால், பன்னாட்டுத் தொழில் வகைப்பாட்டைப் பின்பற்றும் தேசியத் தொழில் வகைப்பாட்டில் அவருடைய இடம் 2144.

ஒவ்வொரு குறியீடும் தனக்கென வகுத்த வேலையைச் செய்கிறது என்பதை மறுக்க முடியாது. கவரைப்பேட்டையில் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி, ஆர்.எம்.டி. பொறியியல் கல்லூரி ஆகிய இரண்டும், அருகில் புதுவாயலில் ஆர்.எம்.கே. பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன. பெயரால் மட்டும் தேர்வு செய்தால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் குறித்துவிட வாய்ப்பு மிகுதி. கல்லூரி எண் இருப்பதால் அந்தக் குழப்பம் தவிர்க்கப்படுகிறது. 2018 முதல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறிய பின், நேரில் கேட்டுத் தெளிவு பெறும் வாய்ப்பு குறைந்துவிட்ட நிலையில், இந்த எண்ணின் பயன் இன்னும் கூடியிருக்கிறது.

எனினும் கலந்தாய்வுக் குறியை உற்றுநோக்கினால் ஒரு கலப்பு தெரியும். ஒரே பாடம் அரசு நிதியுதவி முறையில் நடந்தால் ஒரு குறி, அதே கல்லூரியில் சுயநிதி முறையில் நடந்தால் வேறு குறி, தமிழ்வழியில் நடந்தால் இன்னொரு குறி. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது அவற்றுக்கும் இவ்வாறே தனிக் குறிகள் தரப்பட்டன. பாடம், கட்டண முறை, பயிற்றுமொழி ஆகிய மூன்று வேறுபட்ட செய்திகள் ஒரே ஈரெழுத்துக்குள் திணிக்கப்படுகின்றன. இடம் ஒதுக்குவதற்கு இது போதும். ஆனால் தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒருவர் விண்ணப்பிக்கும்போது, சேர்க்கையில் பதிவான அந்தக் குறி அவருக்கு உதவுவதில்லை. அவர் தனியாகச் சான்றிதழ் வாங்கித்தான் காட்ட வேண்டும். அரசின் ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்த செய்தியை இன்னோர் அலுவலகத்துக்கு மாணவர் சுமந்து செல்கிறார்.

பெயர்கள் பெருகும் விதம்

குறியீட்டின் கீழ் வர வேண்டிய பெயர்கள் பெருகிக்கொண்டே போவது அடுத்த சிக்கல். கணினி அறிவியல் மற்றும் பொறியியல் என்ற ஒரு பாடப்பிரிவைச் சுற்றி இன்று செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், கணினி அறிவியலில் செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும், இணையப் பாதுகாப்பு, கணினி அறிவியலும் வணிக அமைப்புகளும் எனப் பல பிரிவுகள் தோன்றியுள்ளன. முதல் ஆண்டுப் பாடங்களில் இவற்றுக்கிடையே வேறுபாடு குறைவு. பின்வரும் ஆண்டுகளில் சில தாள்கள் மாறுகின்றன. பெற்றோரும் மாணவரும் பெயரைப் பார்த்து இடத்தைத் தேர்வு செய்வதால், கல்லூரிகளுக்குப் புதுப்பெயர் ஓர் ஈர்ப்பு. 2024-25 முதல் தகுதியுள்ள கல்லூரிகளுக்கு மாணவர் சேர்க்கையின் உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நீக்கியதும் இப்போக்குக்குத் துணைபோனது.

வகைப்பாடுகளால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 2013-ஆம் ஆண்டின் யுனெசுக்கோ அட்டவணையில் தரவு அறிவியல் என்ற பெயரில் நான்கு இலக்கக் கட்டம் எதுவும் இல்லை. அமெரிக்க முறையில் செயற்கை நுண்ணறிவுக்கு 11.0102 என்ற எண் உண்டு. தரவு அறிவியலுக்கு 2020 பதிப்பில் 30.7001 என்ற எண் புதிதாகச் சேர்க்கப்பட்டது. முன்னது கணினியியலின் கீழ் வருவது, பின்னது பல்துறைப் படிப்புகளின் கீழ் வருவது. ஆகவே 'செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும்' என்று ஒரே மூச்சில் சொல்லப்படும் தமிழ்நாட்டுப் பட்டம் அந்த முறையில் இரண்டு வெவ்வேறு பெரும்பிரிவுகளுக்கு இடையே நிற்கிறது.

இந்தியக் கணக்கெடுப்பில் இத்தகைய படிப்பை எந்தத் துறையின் கீழ் பதிவது என்பதைப் படிவத்தை நிரப்பும் நிறுவனமே முடிவு செய்கிறது. ஒரே பாடத்திட்டத்தை நடத்தும் இரண்டு கல்லூரிகள் அதை இரண்டு துறைகளின் கீழ் பதிவு செய்ய இம்முறையில் இடமிருக்கிறது. அங்கிருந்து பெறப்படும் தொகையை வைத்து, ஒரு துறை வளர்கிறது, மற்றொன்று தேய்கிறது என்று முடிவு கட்டும்போது எச்சரிக்கை தேவை. வளர்ந்தது துறையா, பெயரா என்பதை அந்த எண் தனியாகச் சொல்லாது.

கணக்கு வாயிலாகும்போது

கணக்கெடுப்பில் நேரும் பிழை ஓர் அட்டவணையைக் கெடுக்கும். தகுதியைத் தீர்மானிக்கும் இடத்தில் அதே பிழை ஒருவருடைய வாழ்க்கையைக் கெடுக்கும். தமிழ்நாட்டில் இதன் கூர்மையான வடிவம் இணைக் கல்வித்தகுதி அரசாணைகள் ஆகும்.

அரசுப் பணியாளர் தேர்வாணையமோ ஆசிரியர் தேர்வு வாரியமோ ஒரு பணிக்குக் குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் வேண்டும் என்று அறிவிக்கிறது. விண்ணப்பிப்பவரின் சான்றிதழில் அதே பெயர் இல்லாமல் 'பயன்பாட்டு' என்றோ 'தொழில்சார்' என்றோ ஒரு முன்னொட்டு இருந்தாலும், இரு பாடங்கள் இணைத்து எழுதப்பட்டிருந்தாலும், அது அறிவிக்கப்பட்ட பட்டத்துக்கு இணையானதா என்ற கேள்வி எழுகிறது. இதைப் பரிசீலிக்க ஒரு குழு உண்டு. குழுவின் பரிந்துரைப்படி உயர்கல்வித் துறை, இன்ன பல்கலைக்கழகத்தின் இன்ன பட்டம் அரசு வேலைவாய்ப்புக்கு இணையானது அல்லது இணையானது அன்று என அரசாணை வெளியிடுகிறது. தேர்வாணையத்தின் அறிவிக்கைகளில் ஒரு நிபந்தனை தொடர்ந்து இடம்பெறுகிறது: இணைத்தகுதி கோருபவர், அறிவிக்கை நாளிலோ அதற்கு முன்போ வெளியான அரசாணையைக் காட்ட வேண்டும்.

இந்நிபந்தனையின் விளைவைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். பல்கலைக்கழகம் ஒரு புதிய பெயரில் படிப்பைத் தொடங்குகிறது. மாணவர் சேர்ந்து மூன்று ஆண்டுகள் படிக்கிறார். முதுகலையும் முடிக்கிறார். பிறகு தேர்வுக்கு உழைத்து வெற்றியும் பெறுகிறார். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் தன் பட்டத்துக்கு அரசாணை இல்லை என்பது தெரியவருகிறது. அதன்பின் விண்ணப்பித்து ஆணை பெற்றாலும் அது அறிவிக்கை நாளுக்குப் பிந்தியதாகிவிடும். பாடத்திட்டம் இணையானதாகவே இருந்தும் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. வயது வரம்புள்ள பணி என்றால் அடுத்த அறிவிக்கையும் உறுதியில்லை. படிப்பைத் தொடங்கிய நிறுவனத்துக்கு இதில் எந்த இழப்பும் இல்லை.

பொன்னேரியிலோ திருத்தணியிலோ ஓர் அரசுக் கல்லூரியில் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக அரசு வேலையை நம்பியிருக்கும் ஒருவருக்கு இது சிறிய செய்தி அன்று. பொறியியல் பட்டதாரிக்குத் தனியார் நிறுவனம் என்ற மாற்று வழி ஓரளவு உண்டு. பாட ஆசிரியர் பணியையே குறிக்கோளாகக் கொண்ட கலை, அறிவியல் பட்டதாரிக்கு அந்த வழியும் குறுகியது.

பொறியியலிலும் இதே கேள்வி எழுந்ததால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017-ல் ஒரு பட்டியலை வெளியிட்டது. முதன்மைப் பொறியியல் பிரிவுகளையும், வேலைவாய்ப்பு நோக்கில் அவற்றின் கீழ் கொள்ளத்தக்க பெயர்களையும் அது தொகுத்தது. சரியான திசையில் எடுக்கப்பட்ட முயற்சி அது. ஆனால் பட்டியல் ஒருமுறை வெளியாவது, பெயர்கள் ஆண்டுதோறும் பிறப்பவை.

எண் வாயிலாக மாறுவது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர் படிப்பு முடிந்தபின் பன்னிரண்டு மாதங்கள் பணிப்பயிற்சியில் இருக்கலாம். அவருடைய படிப்பின் ஆறு இலக்க எண் அரசின் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் இருந்தால், 2016-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி மேலும் இருபத்துநான்கு மாதங்கள் கிடைக்கும். பொதுப் பொருளியலின் எண்ணான 45.0601 அப்பட்டியலில் இல்லை. கணிய, அளவைப் பொருளியலின் எண்ணான 45.0603 இருக்கிறது. இதை அறிந்த பல பல்கலைக்கழகங்கள் தங்கள் பொருளியல் படிப்பின் எண்ணை முன்னதிலிருந்து பின்னதற்கு மாற்றிக்கொண்டன. பாடத்தில் நேர்ந்த மாற்றத்தைவிட எண்ணில் நேர்ந்த மாற்றமே மாணவருக்கு இரண்டு ஆண்டுகளைப் பெற்றுத் தந்தது. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா செல்லும் மாணவர்களுக்கும் இந்த எண் பொருட்படுத்தத்தக்கது. அங்கே எண் மாணவரின் நுழைவுரிமைப் படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. சேரும் முன்பே அவர் அதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பட்டதாரிக்கு அந்த வசதி இல்லை என்பதே ஒப்பீட்டில் தெரியும் வேறுபாடு.

தொழிற்பேட்டையில் காணாமற்போகும் பட்டம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் இரும்பு உருக்கு ஆலைகள், கம்பி உருட்டாலைகள், வார்ப்படத் தொழில்கள், வேதித் தொழிற்சாலைகள், வாகன உதிரிபாகப் பிரிவுகள் உள்ளன. தேர்வாய்க்கண்டிகையில் மிச்செலின் டயர் ஆலை இயங்குகிறது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளியில் துறைமுகம், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. இவற்றுக்கு வேண்டியவர்கள் ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீசியன், சிஎன்சி இயந்திரம் இயக்குபவர், தரக்கட்டுப்பாட்டுப் பணியாளர், பராமரிப்புப் பொறியாளர் போன்றோர்.

தொழில் வகைப்பாட்டில் வெல்டரின் குழு 7212, உலோக இயந்திரக் கருவி இயக்குபவரின் குழு 7223, இயந்திரத் தொழில்நுட்பப் பணியாளரின் குழு 3115, இயந்திரப் பொறியாளரின் குழு 2144. முதல் இலக்கமே திறன்நிலையைச் சுட்டுகிறது. பொறியியல் பட்டம் பெற்ற ஒருவர் சிஎன்சி இயந்திரத்தை இயக்கும் வேலையில் ஒப்பந்த முறையில் சேர்ந்தால், அவருடைய கல்வி ஓர் உயரத்திலும் தொழில் வேறோர் உயரத்திலும் பதிவாக வேண்டும். இந்த இடைவெளி எவ்வளவு, எந்தப் பாடத்தில் மிகுதி, எந்தப் பகுதியில் மிகுதி என்பதை அறியத்தான் குறியீடுகள் வகுக்கப்பட்டன.

ஆனால் 2017-ல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் தொடக்க ஆண்டுப் படிவங்களைப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். தொழிலை மூன்று இலக்கத்திலும், நிறுவனத்தின் தொழிலக வகையை ஐந்து இலக்கத்திலும் அப்படிவம் கேட்கிறது. தொழில்நுட்பக் கல்வி பற்றிய கேள்வியில், பட்டயப் படிப்புகளை வேளாண்மை, பொறியியல், மருத்துவம், கைத்தொழில் எனப் பிரிக்கிறது. பட்டப்படிப்பு என்று வரும்போது வேளாண்மை, பொறியியல், மருத்துவம் அனைத்தும் ஒரே எண்ணுக்குள் அடைக்கப்படுகின்றன. பொன்னேரியில் கால்நடை மருத்துவம் பார்ப்பவரும், கும்மிடிப்பூண்டியில் வார்ப்பட ஆலையில் பணிபுரியும் இயந்திரப் பொறியாளரும், சென்னையில் மென்பொருள் எழுதுபவரும் அந்தக் கேள்வியில் ஒரே விடையைத் தருகிறார்கள்.

பாடவாரியாக மாணவர்களைப் பிரித்துக் காட்டும் கணக்கெடுப்பு அவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று கேட்பதில்லை. என்ன ஆனார்கள் என்று கேட்கும் கணக்கெடுப்பு பாடத்தைப் பிரிப்பதில்லை. கல்லூரிக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவே பட்டதாரி புள்ளிவிவரத்திலிருந்து மறைந்துபோகிறார். 'இயந்திரப் பொறியியலுக்கு வேலை இல்லை', 'கணினிக்குத்தான் எதிர்காலம்' என்பன போன்ற பேச்சுகள் உறுதியான சான்று இல்லாமலே கலந்தாய்வுக் காலத்தில் உலவ இதுவும் ஒரு காரணம். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் போன்ற திறன் மேம்பாட்டுத் திட்டங்களும், எந்தப் பாடத்தாருக்கு எந்தத் தொழிலகத்தில் எந்தத் திறன் குறைகிறது என்பதைக் காட்டும் இணைப்புத் தரவு இருந்தால் இன்னும் கூர்மையாக இயங்க முடியும்.

ஒற்றைக் கட்டமும் அரங்கநாதன் காட்டிய வழியும்

மேற்கண்ட குறைகளுக்கு நிர்வாகம் ஒரு காரணம் என்றால், வகைப்பாட்டின் அடிப்படைக் கருத்து மற்றொரு காரணம். ஒரு படிப்புக்கு ஒரே கட்டம் என்ற எண்ணமே அது. யுனெசுக்கோ முறை பல்துறைப் படிப்புகளுக்கு ஒரு விதியைத் தருகிறது: எந்தத் துறைக்கு அதிக நேரம் செலவாகிறதோ அந்தத் துறையில் வை. முன்னிற்கும் துறை ஒன்று இல்லாவிட்டால், 0788 போன்ற பல்துறைக் கட்டத்தில் வை. எதிலும் சேராதவை 9 என்ற இலக்கத்தில் முடியும் 'பிற' கட்டங்களுக்குப் போகின்றன. எண்ணி முடிக்க இது எளிது. இயந்திரமின்னணுவியல் போல இரண்டு மூன்று துறைகளைச் சம அளவில் கலந்து கற்பிக்கும் படிப்புக்கு, அதன் உள்ளடக்கத்தை இந்த எண் சொல்வதில்லை.

நூல்களை வகைப்படுத்துவதில் இதே சிக்கல் முன்பே எழுந்தது. அதற்கு விடை தேடியவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1933-ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அதற்குமுன் வழக்கிலிருந்த டூயியின் பதின்மப் பகுப்பு, அறிவுலகை முன்கூட்டியே கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு நூலையும் அவற்றில் ஒன்றில் வைத்தது. அரங்கநாதன் நூலின் பொருளை அதன் பல முகங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு குறி கொடுத்து, முக்காற்புள்ளி போன்ற இணைப்புக் குறிகளால் அவற்றைக் கோத்தார். புதிய பொருள் ஒன்று தோன்றினால், பழைய முகங்களைப் புதிய முறையில் கோத்து அதற்கு இடம் தர முடிந்தது.

படிப்புகளுக்கும் இக்கருத்து பொருந்தும். பாடம், நிலை, பயிற்றுமொழி, கட்டண முறை ஆகியவை தனித்தனி முகங்கள். அவற்றை ஓர் ஈரெழுத்துக் குறிக்குள் கலக்கத் தேவையில்லை. பாடம் என்ற முகத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைப் பங்கு விழுக்காட்டுடன் தரலாம். பிரித்தானியாவின் புதிய முறையில் ஒரு படிப்புக்குப் பல எண்களை விழுக்காட்டோடு பதிவது நடைமுறையிலேயே உள்ளது. சென்னையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் நூலகத் தட்டில் தீர்க்கப்பட்ட ஒரு சிக்கல், அதே மாநிலத்தின் பட்டச் சான்றிதழில் இன்னும் தீராமல் இருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

எதிர்வாதங்கள்

இத்திறனாய்வுக்கு எதிராகச் சில நியாயமான வாதங்கள் உண்டு. புதிய பெயருள்ள எல்லாப் படிப்புகளும் பழைய பாடத்துக்கு இணையானவை அல்ல. வேதியியல் ஆசிரியராக வருபவர் வேதியியலை முழுமையாகப் படித்திருக்க வேண்டும் என்று பள்ளி மாணவரின் பெற்றோர் எதிர்பார்ப்பது சரியே. ஆகவே பாடத்திட்டத்தை ஒப்பிட்டு, இணையானது அன்று என்று ஒரு குழு சொல்வது தவறாகாது. பல சமயங்களில் அது தேவையானதும்கூட. குறை ஒப்பீட்டில் இல்லை. அது செய்யப்படும் காலத்தில் இருக்கிறது. படிப்பு தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, பட்டம் பெற்றபின் கேட்கப்படுகிறது.

மிக நுணுக்கமான குறியீடு கல்லூரிகளின் சுதந்திரத்தைக் குறுக்கும் என்பது இரண்டாவது வாதம். அட்டவணையில் இல்லாத படிப்பை யாரும் தொடங்கமாட்டார்கள், அறிவு தேங்கும் என்பார்கள். ஒற்றைக் கட்ட முறையில் இந்த அச்சம் உண்மையானது. முகங்களைக் கோக்கும் முறையில் புதிய கலவைக்குப் புதிய கட்டம் தேவைப்படுவதில்லை என்பதால், அச்சம் பெரிதும் குறைகிறது.

மூன்றாவது வாதம், குறியீட்டுக்கு மதிப்பு கூடினால் அதை வைத்து விளையாடுவதும் கூடும் என்பது. அமெரிக்கப் பொருளியல் துறைகளின் எடுத்துக்காட்டு இதற்குச் சான்று. நிறுவனமே தன் படிப்புக்கு எண் இட்டுக்கொள்ளும் வரை இந்த ஆபத்து நீங்காது. பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்து வேறொரு குழு எண்ணை உறுதி செய்வதே இதற்குத் தடை.

செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து சில மாற்றங்கள் இயல்பாகப் பெறப்படுகின்றன. ஒரு புதிய படிப்புக்கு இசைவு தரும்போதே அதன் துறை எண்ணும், அரசுப் பணிக்கு அது எந்தப் பட்டத்துக்கு இணையானது என்பதும் முடிவு செய்யப்பட வேண்டும். முடிவு 'இணையானது அன்று' என்றால், சேர்க்கை விளம்பரத்திலும் கலந்தாய்வுப் பட்டியலிலும் அது குறிப்பிடப்பட வேண்டும். மாணவர் அறிந்தே சேர்வது வேறு, அறியாமல் சேர்ந்து பின்னர் வருந்துவது வேறு. துறை எண்ணையும் பயிற்றுமொழியையும் மதிப்பெண் பட்டியலிலும் பட்டச் சான்றிதழிலும் அச்சிடலாம். சான்றிதழ்கள் மின்னணுப் பெட்டகத்தில் சேமிக்கப்படும் காலத்தில் இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

கலந்தாய்வுக் குறி, பல்கலைக்கழகப் பாடப்பிரிவு எண், அகில இந்தியக் கணக்கெடுப்பின் துறை, யுனெசுக்கோ எண் ஆகியவற்றை அருகருகே வைத்துக் காட்டும் ஒரு பொது இணைப்பட்டவணையை மாநில உயர்கல்வித் துறை வெளியிடலாம். அமெரிக்காவில் படிப்பு எண்களையும் தொழில் எண்களையும் இணைக்கும் அட்டவணை ஏற்கெனவே உண்டு. தொழிலாளர் கணக்கெடுப்பில் பட்டப்படிப்பின் துறையை இரண்டு இலக்க அளவிலாவது கேட்டால், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் படிப்புக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை ஊகிக்காமல் அளக்க முடியும். ஏற்கெனவே படித்து முடித்தவர்களைப் பொறுத்தவரை, அரசாணை பிந்தி வந்தாலும் அது பட்டம் பெற்ற நாளிலிருந்து செல்லும் என ஏற்பது நியாயமான தீர்வாகும். பாடத்திட்டம் இணையானது என்று குழு கண்டால், அந்த இணைத்தன்மை அவர் படித்தபோதே இருந்ததுதான். ஆணை பிறந்த நாளில் அது புதிதாக உண்டாவதில்லை.

இம்மாற்றங்கள் எதற்கும் புதிய அறிவியல் தேவையில்லை. தேவையான எண்கள் அனைத்தும் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ளன. அவற்றை ஒன்று சேர்க்கும் வேலையைச் சேர்க்கையின்போதே நிறுவனங்கள் செய்துவிட்டால், சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று பட்டதாரி தன் பட்டத்தின் பெயருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிராது.